கடிதம்: அம்மாயியின் வெள்ளிக் கிலுகிலுப்பை

அண்ணாவுக்கு வணக்கங்க,

பழைய வெள்ளிச் சாமான்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வால்பாறையில் எஸ்டேட் ரைட்டராக இருந்தவர். துரை குடும்பம் ஊரைக் காலி செய்து போனபோது துரைசாணி அம்மா கொடுத்தது என்று ஒரு வெள்ளிக் கிலுகிலுப்பை அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பெட்டியில் இருந்தது. வெள்ளை வளையம், அதில் பூட்ஸ் போட்ட பூனை பொம்மை, இரண்டு பக்கமும் சலங்கை. இப்போது ஒரு சலங்கைதான் இருக்கிறது. அம்மா, மாமன்கள், நான், எல்லோரும் கடித்து விளையாடியது. மகளுக்கு அமெரிக்காவில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. கடைவீதியில் காட்டினால், எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் பேத்திக்குப் புதுக் கொலுசு எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். மாற்றிவிடலாமா, இல்லை அப்படியே பேத்தி கடிக்க அனுப்பட்டுமா? இதையெல்லாம் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்களா? எனக்கும் ஆசையாக இருக்குங்க. படம் வைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள சகோதரிக்கு,

மாற்றாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தக் கிலுகிலுப்பைகள் மெல்லிய தகட்டை அச்சில் அடித்து, இரண்டு பாதிகளைப் பற்றவைத்துச் செய்தவை. உள்ளே வெற்றிடம். கைக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் தராசில் ஒன்றும் நிற்காது. கடையில் முதலில் வளையத்தைக் கழற்றி எறிவார்கள், பூனையை நசுக்கி எடை போடுவார்கள். பழைய வெள்ளி என்று கழிவு போக மிஞ்சுவது புதுக் கொலுசின் செய்கூலிக்கே காணுமா என்பது சந்தேகம். அதுவும் உங்களுடையது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. கொலுசு வெள்ளியில் பெரும்பாலும் அவ்வளவு சுத்தம் இருக்காது. கேட்டுப் பாருங்கள்.

நம் பக்கத்தில் குழந்தை வெள்ளி தங்குவதே இல்லை. தாய்மாமன் சீரில் வந்த அரைஞாண், தண்டை, காப்பு எல்லாம் பிள்ளை வளர்ந்ததும் சேலத்துக்கோ கோவை ராஜ வீதிக்கோ போய் அடுத்த பிள்ளைக்குப் புதுசாகத் திரும்பி வரும். சந்தனக் கிண்ணமும் குத்துவிளக்கும் தலைமுறை தாண்டுகின்றன. சின்ன இடுப்புக்கும் சின்ன மணிக்கட்டுக்கும் செய்தது தாண்டுவதில்லை. நம் ஆசாரிமார் கையால் தட்டி, உள்ளே பரல் போட்டுச் செய்த கிலுகிலுப்பையை இன்றைக்குக் கொங்கு நாட்டில் தேடிப் பார்த்தால் இங்கிலாந்துச் சரக்கை விட அதுதான் அரிது. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் உருக்கக் குவித்த பழைய வெள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதில் எது யார் வீட்டுத் தொட்டிலில் கிடந்தது என்று சொல்ல ஆளே இல்லை. உங்களிடம் இருப்பதற்குச் சொல்ல ஆள் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன்.

சரி, படத்துக்கு வருகிறேன். பெரிதாக்கிப் பார்த்தேன். பூனையின் முதுகில், கொக்கிக்குக் கீழே நான்கு முத்திரைகள் வரிசையாக இருக்கின்றன. முதல் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் ‘சி அண்ட் என்’. அது கிரிஸ்ஃபோர்டு அண்ட் நாரிஸ் என்ற பர்மிங்காம் கம்பெனி. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெள்ளிக் கிலுகிலுப்பைகளுக்குப் பேர்போனவர்கள். அடுத்தது நங்கூரம், வெள்ளியின் சுத்தத்தைச் சோதித்து முத்திரை போடுகிற பர்மிங்காம் சோதனைச் சாலையின் குறி. கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பர்மிங்காம்காரர்களும் ஷெஃபீல்டுகாரர்களும் தங்கள் ஊருக்குச் சோதனைச் சாலை கேட்டு லண்டனில் போராடியபோது கிரவுன் அண்ட் ஆங்கர் என்ற விடுதியில் கூடினார்களாம். 1773ல் அனுமதி கிடைத்ததும் கிரீடத்தை ஷெஃபீல்டும் நங்கூரத்தைப் பர்மிங்காமும் எடுத்துக்கொண்டன என்று ஒரு கதை உண்டு. மூன்றாவது, ஒரு காலைத் தூக்கி நடக்கிற சிங்கம். 1000 பங்குக்கு 925 பங்கு வெள்ளி என்பதற்கு அந்தச் சிங்கம்தான் சாட்சி. நான்காவது, வருடத்தைக் காட்டும் ஆங்கில எழுத்து. வருடத்துக்கு ஓர் எழுத்தாக மாறிக்கொண்டே போய், ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று தொடங்கும். அது மட்டும் படத்தில் கலங்கியிருக்கிறது.

ராஜா ராணி தலை இல்லை என்பதையும் கவனித்தேன். 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசரின் தலையைப் பொறிப்பார்கள். அது இல்லாததும் கம்பெனி பெயரும் சேர்ந்து, உங்கள் பூனை 1890க்குப் பிந்தியது என்று காட்டுகின்றன.

இந்தச் சாமானுக்கு ஒரு மூதாதை உண்டு. வெள்ளிப் பிடி, ஒரு முனையில் ஊதல், சுற்றிலும் சலங்கை, மறுமுனையில் விரல் நீளத்துக்குச் சிவப்புப் பவளம். ஐரோப்பாவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் 17ஆம் நூற்றாண்டிலிருந்து பல் முளைக்கிற காலத்தில் கடித்தது அந்தப் பவளத்தைத்தான். பவளம் குளிர்ச்சி, வழவழப்பு, பல்லுக்கு அசையாது. காத்து கருப்பும் அண்டாது என்ற நம்பிக்கையும் உண்டு. குழந்தைக்குப் பவளம் கட்டினால் காப்பு என்று ரோமாபுரி எழுத்தாளர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். நம் வீடுகளில் வசம்பு வளையல் போடுகிற அம்மாயிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். பின்னால் பவளம் போய், முத்துச்சிப்பி, எலும்பு, தந்தம், செல்லுலாய்டு என்ற பழைய காலத்துப் பிளாஸ்டிக் என்று வளையங்கள் வந்தன.

உங்கள் வளையம் முத்துச்சிப்பி என்றே தோன்றுகிறது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளுக்குள் இளஞ்சிவப்பும் பச்சையும் ஓடும். எலும்பென்றால் பொடிப் பொடியாகக் கரும்புள்ளிகள் இருக்கும். தந்தத்தில் வலை பின்னியது போல மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரியும். செல்லுலாய்டைக் கட்டைவிரலால் சூடு வரத் தேய்த்தால் கற்பூர வாசனை அடிக்கும். சில பேர் சூட்டு ஊசி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், அதைச் செய்யவே கூடாது. செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும்.

அந்த வளையத்தின் ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் மினுமினுப்பு மங்கியிருக்கிறது. பூனையின் வாலிலும் மூன்று நான்கு குழிகள் தெரிகின்றன. அவை பல் பட்ட தடம். துரை வீட்டுப் பிள்ளையின் பல்லும் உங்கள் மாமன்களின் பல்லும் உங்கள் பல்லும் ஒரே இடத்தில் பட்டிருக்கின்றன. பாலிஷ் போடுகிறவர் “டொக்கு எடுத்துத் தரேங்க” என்பார், விடாதீர்கள். போன சலங்கைக்குப் பதில் புதுசு வைக்கவும் வேண்டாம். சேகரிப்பாளர்களில் குறையே இல்லாத உருப்படிதான் வேண்டும் என்பவர்கள் நிறைய, விலையும் அதற்குத்தான் கூடுதல். என் கண்ணுக்குக் கடிபட்டதுதான் முழுமையான உருப்படி. கடிபடாதது கண்ணாடி அலமாரியிலேயே இருந்திருக்கும்.

ஆனால் பேத்தி இதைக் கடிக்க வேண்டாம். ஒரு சலங்கை ஏற்கனவே எங்கேயோ விழுந்திருக்கிறது. மற்றது குழந்தையின் தொண்டையில் போய் விழுந்தால் என்ன செய்வது? தேய்ந்த தகட்டின் ஓரம் கத்தி மாதிரி வெட்டும். பழைய சாமான்களை ரிப்பேர் செய்தவர்கள் ஈயப்பற்று வைத்திருப்பதும் சகஜம். கைக்கெட்டாத உயரத்தில் ஆட்டிக் காட்டலாம், அவ்வளவுதான்.

சேகரிக்கிற ஆசையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே சேகரிப்பவர்கள் உண்டு, ஏலமும் நடக்கிறது. இணையத்தில் வாங்குவதற்கு முன் முத்திரையைப் படிக்கப் பழகுங்கள். வெறும் ‘925’ என்று மட்டும் இருந்தால் அநேகமாகப் புதுசு. ‘ஸ்டெர்லிங்’ என்று எழுத்தாகவே அடித்திருந்தால் பெரும்பாலும் அமெரிக்கச் சரக்கு. ‘இ.பி.என்.எஸ்.’ என்றால் வெள்ளி முலாம்தான். தந்த வளையம் எவ்வளவு பழசாக இருந்தாலும் கிட்டப் போகாதீர்கள், இந்தியாவில் தந்தம் வாங்குவதும் விற்பதும் குற்றம்.

என் யோசனை வேறு. கோபியிலேயே தொடங்குங்கள். சொந்தபந்தத்தில் கேளுங்கள். குன்னூர், வால்பாறை எஸ்டேட்டுகளில் வேலை பார்த்த குடும்பங்கள், போத்தனூர் ரயில்வே காலனிப் பழைய குடும்பங்கள், இவர்களிடம் இங்கிலாந்துச் சரக்கு இருக்க வாய்ப்புண்டு. பண்ணைய வீடுகளில் நம் ஆசாரி செய்தது கிடைக்கலாம். அதில் முத்திரை தேடாதீர்கள், அந்தக் காலத்தில் இங்கே வெள்ளிக்கு அரசு முத்திரை கிடையாது. யார் வீட்டுச் சீர், எந்த ஊர் ஆசாரி, யார் யார் விளையாடியது என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். கொடுக்க மனமில்லாதவர்களிடம் வாங்க வேண்டாம். உருக்காதீர்கள் என்று சொல்லிப் படம் மட்டும் எடுத்து வாருங்கள், அதுவும் சேகரிப்புதான்.

விபூதியோ பற்பசையோ போட்டுத் தேய்க்க வேண்டாம், முத்திரை கரைந்துவிடும். புளியும் எலுமிச்சையும் முத்துச்சிப்பியை அரித்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, உடனே உலரவைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். ரப்பர் பேண்டு மட்டும் போடாதீர்கள், அதில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கடிக்கும்.

கடைசியாக, அமெரிக்காவுக்கு அனுப்புவது. நூறு வருடம் தாண்டிய கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை. தாண்டாதது என்றால் தொல்லியல் துறையிடம் அப்படிச் சான்று வாங்கிக்கொண்டு அனுப்பலாம். ஆகவே அந்த நான்காவது முத்திரைதான் இப்போது முக்கியம். பர்மிங்காமில் 1900ல் தொடங்கிய சுற்றுக்கு ஆங்கிலச் சின்ன எழுத்து (a, b), 1925ல் தொடங்கிய சுற்றுக்குப் பெரிய எழுத்து (A, B). சின்ன எழுத்தாக இருந்தால் நூறு தாண்டிவிட்டது, கோபியிலேயே இருக்கட்டும், பேத்தி லீவுக்கு வந்து பார்க்கட்டும். காலை வெயிலில், ஜன்னலோரம் பூனையைச் சாய்த்து வைத்து, நிழல் விழாமல் அந்த எழுத்தையும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தையும் மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள்.