வாசகர் கேள்வி – பதில்: ஆட்களை அனுப்பிவிட்டு ஆட்டத்தை விற்கும் கம்பனிகள்

போன இதழில் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றியிருந்து தாயக்கட்டை உருட்டிக் கதை சொல்லி விளையாடும் விளையாட்டைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆட்குறைப்பைப் பற்றித்தான் இருந்தன. ஆகவே சினிமாக் கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகின்றன, கோபிக்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு அறையில் கூடி டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். அதை வெளியிடும் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட்டின் தாய்க் கம்பனியான ஹஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பொம்மைக் கம்பனி, 2023 இல் நத்தாருக்கு இரண்டு கிழமை இருக்கும்போது 1,100 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்த கதையை அண்மையில்தான் அறிந்தேன். இனி அவர்களின் ஒன்றையும் வாங்குவதில்லை என்று நான் சொல்ல, எங்கள் கூட்டத்தில் ஒருவன் "நீ எப்ப காசு குடுத்து வாங்கினனீ?" என்று சிரிக்கிறான். பகிஷ்கரிப்பதில் பயன் உண்டா? (பல்கலைக்கழக மாணவன், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி)

பதில்: தம்பி, உங்கள் நண்பரிடம் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கோபம் நியாயமானது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் ஜனவரியிலேயே ஹஸ்ப்ரோ சுமார் 1,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்திருந்தது, டிசெம்பரில் சொன்ன 1,100 அதற்கு மேலே. பொம்மைகள் விற்கவில்லை என்று காரணம் சொன்னார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் விசார்ட்ஸ் பக்கம் நட்டப்பட்டுக் கிடக்கவில்லை. ஓகஸ்டில் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸை வைத்துச் செய்த பல்டூர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டு வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது, அதன் உரிமைப் பணம் ஹஸ்ப்ரோவின் பெட்டிக்கும் போனது. அப்படி உழைத்துக் கொடுத்த பிரிவிலிருந்தும் ஆட்களை அனுப்பினார்கள் என்பதுதான் ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. போனவர்களில் ஒருவர் மைக் மேர்ல்ஸ், நீங்கள் உருட்டி விளையாடும் ஐந்தாம் பதிப்பை 2014 இல் வடிவமைத்தவர்களில் முன்னுக்கு நின்றவர். பல்டூர்ஸ் கேட் 3 ஐச் செய்த லேரியன் நிறுவனத்தின் தலைவர் ஸ்வென் விங்கேயே, ஆரம்பத்தில் தாங்கள் விசார்ட்ஸில் சந்தித்துப் பேசியவர்களில் அனேகமாக ஒருவரும் இப்போது அங்கே இல்லை என்று பகிரங்கமாக எழுதினார்.

சரி, பகிஷ்கரிப்பு. அது பலித்த கதையும் அதே 2023 இல்தான் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டிலிருந்து இந்த விளையாட்டின் அடிப்படை விதிகளை வைத்து யாரும் தங்கள் புத்தகங்களைப் போடலாம் என்று ஒரு திறந்த உரிமம் இருந்தது. அதை மாற்றி, பெரிதாகச் சம்பாதிப்பவர்களிடம் பங்கு கேட்கும் ஒரு வரைவு ஜனவரியில் வெளியே கசிந்துவிட, ரசிகர்கள் இந்த விளையாட்டுக்கான டி அன்ட் டி பியொண்ட் இணையச் சேவைக்குக் கட்டிவந்த சந்தாவை நிறுத்தத் தொடங்கினார்கள். மாதம் முடிவதற்குள் விசார்ட்ஸ் பின்வாங்கியது. பின்வாங்கியது மட்டுமில்லை, அடிப்படை விதித் தொகுப்பை, மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் போட்டுவிட்டது, இனி அவர்கள் நினைத்தாலும் திருப்பி எடுக்க முடியாது.

அது ஏன் பலித்தது என்று பாருங்கள். கேட்டது ஒரே ஒரு விஷயம், கம்பனி மனம் வைத்தால் ஒரு நாளில் செய்யக்கூடியது. கையில் இருந்த ஆயுதமும் மாதாமாதம் போகும் காசு, அதை நிறுத்தினால் அன்றைக்கே தெரியும். ஆட்குறைப்பில் இரண்டும் இல்லை. போனவரைத் திருப்பிக் கூப்பிட மாட்டார்கள். நீங்கள் புத்தகம் வாங்காமல் விட்டு விற்பனை விழுந்தால் அடுத்த பட்டியலில் தலைமை நிர்வாகியின் பெயர் வராது, தொகுப்பாசிரியரின் பெயர்தான் வரும். பங்குதாரருக்குச் சொல்ல "விற்பனை குறைந்தது" என்ற காரணத்தையும் நாங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். ஆகவே தண்டனையாகப் பகிஷ்கரிப்பது என்னைக் கேட்டால் வீண். உங்கள் மனச்சாட்சிக்காக வாங்காமல் விடுவது வேறு, அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நான் செய்யச் சொல்வது இதுதான்: புத்தகத்தின் முதல் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும், அதை வாசியுங்கள். அந்தப் பெயர்கள் அடுத்து எங்கே போகின்றன என்று தேடிப் பின்னால் போங்கள். மூன்றாம் பதிப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜொனதன் ட்வீட்டை விசார்ட்ஸ் 2008 டிசெம்பரில் அனுப்பியது, நாலாம் பதிப்பின் தலைமை வடிவமைப்பாளர் ரொப் ஹைன்சோவை 2009 டிசெம்பரில் அனுப்பியது. (நத்தார் மாதத்தின்மேல் அந்தக் கம்பனிக்கு என்ன கோபமோ.) இருவரும் சேர்ந்து செய்த 13த் ஏஜ் என்ற இதே வகை விளையாட்டு 2013 இல் பெல்கிரேன் பிரஸ் வெளியீடாக வந்தது. இரண்டு பேரையும் நினைவில் வைத்திருந்த ரசிகர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். வேலை இழந்தவரின் வீட்டு வாடகைக்கு உதவுவது அந்த மாதிரி வாங்குவதுதான்.

இன்னொன்று, அந்த 1,100 என்ற கணக்கில் சேராத ஆட்களும் இருக்கிறார்கள். இந்தத் தொழிலில் எழுதுபவர்களில் கனபேர் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வெளியாட்கள். அவர்களை வேலையால் நிற்பாட்டத் தேவையே இல்லை, அடுத்த புத்தகத்துக்குக் கூப்பிடாமல் விட்டால் போதும்.

இனி நண்பர். அவர் சொல்வதும் சரிதான், களவாக இறக்கிய பிடிஎஃபை வைத்து விளையாடுபவர் பகிஷ்கரித்தால் கம்பனிக்குத் தெரியவே தெரியாது. ஆனால் இப்போது அந்த வழியும் தேவையில்லை, மேலே சொன்ன விதித் தொகுப்பைச் சட்டப்படி இலவசமாகவே எடுக்கலாம். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டுத் தமிழில் பெயர்த்து அச்சடித்து விற்கவும் தடையில்லை. ஐந்து பேர் இருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் என்ன?

கேள்வி: நாங்கள் கரமும் 304 சீட்டாட்டமும் விளையாடி வளர்ந்தோம். அதற்கெல்லாம் எந்த முதலாளி இருந்தான்? விளையாட்டுக்கு ஏன் கம்பனி? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்)

பதில்: சேர், நல்ல கேள்வி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஒரு நிறத்துக்கு 76, நாலு நிறத்துக்கும் 304. இதை யார் கண்டுபிடித்தார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அவருக்கு ஒரு சதமும் போகவில்லை. துரும்பை மாற்றி ஒரு புதுப் பதிப்பு வரவேண்டும் என்று செத்தவீட்டில் இரவிரவாக விளையாடுகிற ஒருவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. கம்பனியின் கரைச்சல் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு தரம் வாங்கி முப்பது வருடம் விளையாடக்கூடிய ஒரு பொருளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலாண்டும் கூடுதலாக விற்றுக்காட்ட வேண்டும். விற்காத காலாண்டில் கணக்கைச் சரிக்கட்ட அவர்களிடம் சுலபமாகக் குறைக்கக்கூடியது சம்பளம்தான். ஆனால் ஓவியமும் கதையும் நிறைந்த 300 பக்கப் புத்தகம் ஊர்த் திண்ணையில் தானாக விளையாது, அதற்கு யாரோ சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும்.

கேள்வி: எங்கள் நாட்டில் இப்படி ஒரே நாளில் அனுப்ப முடியுமா? (வங்கி ஊழியர், சுன்னாகம்)

பதில்: சட்டப்படி கஷ்டம். இலங்கையின் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். நடைமுறையில் "நீங்களாகவே எழுதித் தாருங்கோ" என்று மேசைக்கு முன்னால் இருத்தி வைத்துக் கேட்பார்கள், அங்கே கையெழுத்து வைக்க முதல் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். அமெரிக்காவில் பெரிய கம்பனிகள் கூட்டமாக நிறுத்தும்போது 60 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். காரணம் காட்டத் தேவையில்லை.

கேள்வி: கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய மஜிக் கார்டுகள் மகனின் அலுமாரி நிறைய இருக்கின்றன. அந்தக் கம்பனியில் ஆட்களை நிறுத்தினார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து சாப்பாடும் சரியில்லை. கம்பனி மூடினால் இதெல்லாம் குப்பையா? (ஒரு தாய், மானிப்பாய்)

பதில்: அக்கா, மஜிக் கார்டுகளை வெளியிடுவதும் மேலே சொன்ன விசார்ட்ஸ்தான், அந்தக் கம்பனி மூடவில்லை. மூடினாலும் விளையாட்டு சாகாது. 1974 இல் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸை வெளியிட்ட டிஎஸ்ஆர் கம்பனி, விற்காத புத்தகங்கள் திரும்பி வந்து குவிய, அச்சகத்துக்குக் கொடுக்கக் காசில்லாமல் 1997 இல் விசார்ட்ஸின் கைக்குப் போனது. இரண்டு வருடத்தில் விசார்ட்ஸை ஹஸ்ப்ரோ வாங்கியது. கம்பனிகள் கைமாறின, விளையாடுகிறவர்கள் விளையாடிக்கொண்டே இருந்தார்கள். மகனின் கவலையைச் சிரித்துத் தள்ளவும் வேண்டாம். ஒவ்வொரு மஜிக் கார்டின் அடியிலும் ஓவியரின் பெயர் இருக்கும், பிள்ளைக்கு அந்தப் பெயர்கள் பாடம். சாப்பாட்டு விஷயம் மட்டும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, சோதனை நெருங்குகிறதா என்று ஒருக்கால் பாருங்கள்.

கேள்வி: மாமா அனுப்பிய ஸ்பிரிட் ஐலண்ட் என்ற பலகை விளையாட்டுப் பெட்டியில் ஒரு நிறத்தின் மர வட்டுகளில் இரண்டைக் காணவில்லை. அந்தக் கம்பனியிலும் ஆட்களை நிறுத்திவிட்டார்களாமே, யாரிடம் கேட்பது? (பத்தாம் ஆண்டு மாணவி, சாவகச்சேரி)

பதில்: ஓம் தங்கச்சி, அந்தக் கம்பனியின் பெயர் "கிரேட்டர் தான் கேம்ஸ்". 2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருட்களுக்கு 145 வீதம் வரை தீர்வை ஏற்றியது. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை அச்சாவது சீனாவில். அந்தத் தீர்வையைப் பெட்டி விற்ற பிறகு இல்லை, கப்பலால் இறங்கும்போதே இறக்குமதி செய்பவர் கட்ட வேண்டியிருந்தது. சின்னக் கம்பனிக்கு அது தாங்கவில்லை. அதைக் காரணம் காட்டித்தான் அந்த மாதமே பெரும்பாலான ஆட்களை அனுப்பினார்கள். ரசிகர்கள் அந்த முறை கம்பனியைவிடத் தீர்வையைத்தான் திட்டினார்கள், அது எனக்கும் நியாயமாகவே பட்டது. பெயரும் விளையாட்டும் தாய் நிறுவனத்திடம் இருக்கின்றன, பெட்டி இன்னும் விற்பனையில் இருக்கிறது. மாமாவை முதலில் வாங்கிய கடையில் கேட்கச் சொல்லுங்கள். அதுவரை ஒரு தையற்கடைக்குப் போய் ஒரே நிறத்தில் 13 சின்னப் பொத்தான்கள் வாங்கி, அந்த நிறத்தை முழுதாக மாற்றிவிடுங்கள், இரண்டை மட்டும் மாற்றினால் விளையாடும்போது கண்ணைக் குத்தும். கரம் காய் வைக்க வேண்டாம், அது பெரிது, ஒரு நிலத்தில் மூன்று வைத்தால் கீழே இருக்கும் ஒன்றும் தெரியாது.