எண்ணத்தால் கையை விரிக்கும் கருவி பக்கவாத நோயாளிக்குப் பயன்படுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 62. பதினான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் தாக்கி வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். ஆனால் வலக்கை விரல்கள் மடங்கியபடியே இருக்கின்றன. அவரால் விரிக்க முடியவில்லை. “ஓராண்டு கடந்துவிட்டது, இனி இவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டார்கள். மூளையின் எண்ணத்தைக் கணினி அறிந்து கையை அசைக்கவைக்கும் கருவி வந்திருப்பதாகப் படித்தேன். அதற்கு மண்டையைத் திறந்து சிப் பொருத்த வேண்டுமா? என் தந்தைக்கு அது உதவுமா?

பதில்: மூளை-கணினி இடைமுகம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட முயற்சிகள் பேசப்படுவதால் இந்தக் குழப்பம் எழுகிறது. மண்டையைத் திறந்து மூளையில் சிப் பொருத்தும் முறை பெரும்பாலும் தண்டுவடம் முறிந்தவர்களிடமும், இயக்க நரம்புகள் நலியும் நோய் உள்ளவர்களிடமும் சோதிக்கப்பட்டு வருகிறது. அவர்களுக்குக் கட்டளை இடும் மூளைப்பகுதி பெரும்பாலும் நலமாக இருக்கிறது, கட்டளை போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. ஆகவே அந்தக் கருவி வாழ்நாள் முழுவதும் மாற்றுவழியாக இருந்தாக வேண்டும். பக்கவாதத்திலோ மூளையே காயம்பட்டிருக்கிறது. இதற்கென அதிகம் ஆராயப்பட்ட கருவி தலைக்கு வெளியே அணியும் தொப்பி போன்றது. அதற்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. அது கைக்குப் பதிலாக வேலை செய்வதற்கானதும் அன்று. சில வாரங்கள் பயிற்சி கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டிய கருவி அது.

அது செயல்படும் விதம் எளிமையானது. நாம் கையை அசைக்காமல் இருக்கும்போது, இயக்கத்துக்குரிய மூளைப்பகுதியின் மேல் வினாடிக்கு ஏறத்தாழ 8 முதல் 13 முறை துடிக்கும் ஒரு மின் அலை காணப்படும். கையை அசைக்க முனைந்த உடனே அந்த அலை தணிகிறது. கை உண்மையில் அசையாவிட்டாலும், முயற்சி மட்டும் இருந்தாலே போதும். வலிப்பு நோய்க்கு எடுக்கும் இ.இ.ஜி. பரிசோதனையில் உள்ளவை போன்ற மின்முனைகள் இந்தத் தணிவைப் பிடிக்கின்றன, கணினி அதை அடையாளம் காண்கிறது, அதே நொடியில் கையில் பூட்டிய மோட்டார் உறை விரல்களை விரிக்கிறது அல்லது முன்கைத் தசைகளுக்குச் சிறு மின்தூண்டல் கிடைக்கிறது. விரல் விரிந்த உணர்வு உடனே மூளைக்குத் திரும்பிச் செல்கிறது. சிகிச்சை இந்த நேரப் பொருத்தத்தில்தான் இருக்கிறது. நோயாளி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும்போது பிறர் அவருடைய விரல்களை நூறு முறை விரித்துவிட்டால் மூட்டுகள் இறுகாமல் இருக்கும், ஆனால் மூளைக்கு அதில் பெரிய பங்கில்லை. அவர் விரிக்க முயலும் கணத்திலேயே விரல் விரியும்போதுதான் எஞ்சியிருக்கும் நரம்புப் பாதைகள் வலுப்பெற வாய்ப்புக் கிடைக்கிறது.

இது வெறும் ஊகமா என்று நீங்கள் கேட்கலாம். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்து நெடுநாள் ஆன 27 பேருக்குக் கையில் மின்தூண்டல் கொடுக்கப்பட்டது. ஒரு குழுவினருக்கு மட்டும் அது அவர்களுடைய மூளை அலையோடு இணைக்கப்பட்டிருந்தது. மற்றவர்களுக்கு முயற்சியோடு தொடர்பின்றி வந்தது. 66 மதிப்பெண் கொண்ட கை இயக்க அளவுகோலில் முதல் குழு சராசரியாக 6.6 புள்ளிகளும், இரண்டாவது குழு 2.1 புள்ளிகளும் முன்னேறின. பலன் மாதக்கணக்கில் நிலைத்திருந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 ஏப்ரலில் ‘இப்சிஹேண்ட்’ என்ற கருவிக்கு அனுமதி அளித்தது. பக்கவாதம் வந்து 6 மாதங்களோ அதற்கு மேலோ ஆன, 18 வயது நிரம்பியவர்களுக்கானது அது. காயம்படாத மறுபக்க மூளையிலிருந்து சமிக்ஞை எடுப்பது அதன் சிறப்பு. 40 பேர் 12 வாரங்கள் பயன்படுத்தி முன்னேற்றம் கண்டதே அதன் சான்று. எனினும் கருவியின் பயன் என்ன என்பதை அறிந்தே அவர்கள் பயிற்சி பெற்றதால், அந்த முடிவுக்கு 2018 ஆய்வின் அளவுக்கு நான் எடை தரமாட்டேன்.

ஆகவே “ஓராண்டு கடந்தால் அவ்வளவுதான்” என்பது சரியன்று. முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் சில மாதங்களில் நிகழ்கிறது என்பதே உண்மை. பிறகு கதவு மூடிவிடுகிறது என்பது இல்லை. ஆனால் 66-ல் 6 புள்ளி என்பது எதைக் குறிக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பிடித்த பொருளை விடமுடியாதவர் விடத் தொடங்கலாம், மறுகைக்குத் துணையாகப் பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கலாம். பேனா பிடித்துக் கையெழுத்திடுவது அதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. ‘நினைத்தாலே கை அசையும்’ என்ற தலைப்புகள் இந்தத் தொலைவைச் சொல்வதில்லை.

உங்கள் தந்தையைப் பொறுத்தவரை நான் முதலில் பார்க்க விரும்புவது மூளையை அல்ல, விரல்களை. அவருடைய விரல்களை நீங்கள் மிக மெதுவாக விரித்துப் பாருங்கள். மெல்ல மெல்ல இளகி முழுவதும் விரிந்தால் அது தசை இறுக்கம்; மாத்திரை, போட்டுலினம் ஊசி, இரவில் அணியும் தாங்குபட்டை ஆகியவற்றால் குறைக்கக்கூடியது. எவ்வளவு மெதுவாக முயன்றாலும் ஓரிடத்தில் கெட்டியாக நின்றுவிட்டால் தசைநாரும் மூட்டும் சுருங்கிவிட்டன என்று பொருள். அந்நிலையில் எந்த உறையாலும் விரல்களை விரிக்க இயலாது, வலுக்கட்டாயம் தீங்கே செய்யும். நீங்களும் வலுவாக இழுத்துவிட வேண்டாம். அறுவை சிகிச்சையில் மண்டை ஓட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்களுக்கு இப்சிஹேண்ட் ஏற்றதன்று. வலிப்பு வந்திருந்தாலோ, இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, மின்தூண்டல் தரும் வகைகளுக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும்.

வலப்பக்கம் பாதிக்கப்பட்டிருப்பதால் காயம் இடப்பக்க மூளையில் இருக்கும்; மொழியைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் பெரும்பாலோருக்கு அங்கேயே அமைந்திருக்கிறது. சொல்வதை அவர் முழுமையாகப் புரிந்துகொள்கிறாரா என்பதை ஒரு பேச்சுப் பயிற்சியாளர் சோதிப்பது நல்லது, ஏனெனில் ‘இப்போது முயலுங்கள், இப்போது ஓய்வெடுங்கள்’ என்ற கட்டளையை மணிக்கணக்கில் பின்பற்றுவதுதான் இந்தப் பயிற்சி. அது சலிப்பூட்டும், களைப்பூட்டும். சில வகைகளில் ஒவ்வொரு முறையும் தலையில் பசை தடவிக் கழுவ வேண்டியிருக்கும். ஒத்துழைப்பு முழுமையாக இருந்தும் சிலருடைய மூளை அலையில் தெளிவான சமிக்ஞை கிடைப்பதில்லை. அதை முயற்சிக்குறைவு என்று யாரும் அவரைக் கடிந்துகொள்ளக்கூடாது.

கருவி கிடைக்காவிட்டாலும் அதன் அடிப்படையை இன்றே பயன்படுத்தலாம். இயன்முறை சிகிச்சையாளர் மின்தூண்டல் கொடுக்கும்போது, மின்சாரம் வரும் கணத்திலேயே விரலை விரிக்கத் தந்தையை முயலச் சொல்லுங்கள். நலமான கையின் பிம்பத்தைப் பார்த்தபடி செய்யும் கண்ணாடிப் பயிற்சியையும் கேட்டுப் பெறுங்கள். எந்தப் பயிற்சி தொடங்கினாலும், வலக்கையால் தமக்கு எந்த ஒரு வேலை முடிந்தால் போதும் என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். 12 வாரங்கள் கழித்துத் தொடர்வதா நிறுத்துவதா என்பதைச் சிகிச்சையாளருடன் அமர்ந்து முடிவுசெய்யும்போது, புள்ளிக் கணக்கோடு அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.