பாவாடை நாடாவுக்குக் கீழே ஒரு கோடு

வாசகர் கேள்வி–பதில். உடல் எடை குறைந்தபின் தொங்கும் தோல் பற்றி வந்த கடிதங்களுக்கு, புதுச்சேரியில் 26 ஆண்டுகளாக பிளாஸ்டிக் சர்ஜனாக இருக்கும் டாக்டர் பதில் சொல்கிறார்.

எனக்கு வயது 39. 114 கிலோ இருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் எடை குறைக்கும் பேரியாட்ரிக் ஆபரேஷன் செய்துகொண்டு இப்போது 67 கிலோ. சர்க்கரை மாத்திரையே நின்றுவிட்டது. ஆனால் வயிற்றுத் தோல் மடிந்து தொங்குகிறது, வெயில் காலத்தில் மடிப்புக்குள் புண். ஜிம்முக்குப் போனால் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர். இன்னொரு ஆபரேஷன் என்று வாயெடுத்தாலே மாமியார், “இந்த வயசுல என்ன மினுக்கு?” என்கிறார்.
— ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

முதலில் மாமியாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மடிப்பைத் தூக்கி அடியில் இருப்பதை ஒரே ஒரு தடவை அவரிடம் காட்டுங்கள். அதற்குமேல் மினுக்கு என்று சொல்லமாட்டார். என்னிடம் வரும் பெண்களில் பலர் பழைய வேட்டியைக் கிழித்து, நான்காக மடித்து, மடிப்புக்குள் செருகிக்கொண்டுதான் வருவார்கள். மதியத்துக்குள் இரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கும். பவுடரும் போட்டிருப்பார்கள். வியர்வையில் அது மாவு மாதிரி குழைந்து ஓரமெல்லாம் ஒட்டியிருக்கும். கடலூர் வெயிலும் கடல்காற்றின் பிசுபிசுப்பும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வளரக் கேட்கவா வேண்டும்?

இப்போதைக்கு, குளித்ததும் மடிப்புக்குள் ஈரம் போகத் துடைத்து, ஐந்து நிமிடம் ஃபேன் காற்றில் காட்டுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்பு மட்டும் வேண்டாம். பெரும்பாலும் அதில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாள் அரிப்பை அடக்கிவிட்டுத் தோலை மெலிதாக்கும், பூஞ்சையும் பரவும். புண் வரும்போதெல்லாம் டாக்டரிடம் காட்டி சீட்டில் எழுதி வாங்குங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். ஏன் என்பது கீழே இன்னொரு பதிலில் வரும்.

ஜிம் விஷயம். எலாஸ்டிக் போன சாக்ஸை எத்தனை தடவை துவைத்தாலும் அது காலைப் பிடிக்காது. தோலுக்குள் இருக்கும் கொலாஜன், எலாஸ்டின் நார்கள் வருடக்கணக்கில் இழுபட்டு அறுந்தபின் தோலும் அப்படித்தான். உடற்பயிற்சி அடியில் இருக்கும் தசையை வளர்க்கும். அது நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் மேலே மிச்சமாக நிற்கும் தோலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இது புரியாமல் இன்னும் பட்டினி கிடந்து தோலைச் சுருக்கப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். தொங்குவது கொழுப்பு அல்லம்மா, தோல்!

சரி, ஆபரேஷன். தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி எடுத்தால் அது பேனிகுலெக்டமி. அதோடு விலகிப்போன வயிற்றுத் தசைகளை நடுவில் இழுத்துத் தைத்து, தொப்புளையும் புது இடத்தில் அமைத்தால் அதைத்தான் டம்மி டக் என்கிறார்கள். இரண்டு இடுப்பெலும்புக்கும் இடையில் குறுக்கே ஒரு தழும்பு நிற்கும். 47 கிலோ இறங்கிய உங்களைப் போன்றவர்களுக்குச் சில சமயம் நடுவில் மேலிருந்து கீழாகவும் ஒரு கோடு தேவைப்படலாம்.

என் அம்மா முத்தியால்பேட்டையில் பிளவுஸ் தைத்தவர். லூசான பிளவுஸைப் பிடித்துத் தைத்தால் தையல் உள்பக்கம் போய்விடும், யாருக்கும் தெரியாது. தோலில் அந்த வசதி கிடையாது. பிடித்துத் தைத்த கோடு வெளியே, கண்ணுக்கு முன்னால் இருக்கும். ‘தழும்பே தெரியாது’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மடிப்பா, தழும்பா என்ற பேரம்தான் இது. மடிப்பு போனால் போதும், கோடு இருந்தால் இருக்கட்டும் என்று மனம் ஒப்பினால் மட்டும் டேபிளில் ஏறுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் நான் கேட்கும் ஒரு சாமான், அவர்கள் தினமும் கட்டும் உள்பாவாடை. நிற்கவைத்து நாடாவைக் கட்டச்சொல்லி, அது எங்கே உட்காருகிறது என்று பார்த்து, அதற்குக் கீழே மார்க்கர் பேனாவால் கோடு போடுவேன். படுத்தால் தோல் பக்கவாட்டில் சரிந்துவிடும், அப்போது போடும் கோடு பொய்க்கோடு. நாடா சரியாகத் தழும்பின் மேல் உட்கார்ந்தால் காலம் முழுக்க உரசிக்கொண்டே இருக்கும். ஆரம்ப காலத்தில் ஒரு பெண்மணிக்கு இதைக் கவனிக்காமல் விட்டேன். தழும்பு இரண்டு விரற்கடை மேலே போய்விட்டது. வருடம் பல ஆகியும் அவர் நைட்டியைத்தான் கட்டி அழுகிறார். அதிலிருந்துதான் இந்த வழக்கம்.

எடை குறைந்தது ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நின்றிருக்க வேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஆல்புமின் என்னும் புரதம், பி12, இரும்புச் சத்து பார்க்க வேண்டும். பேரியாட்ரிக் முடிந்தவர்களுக்கு இவை சத்தமில்லாமல் குறைந்திருக்கும், குறைந்தால் தையல் போட்ட இடம் ஆறாது. நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். இரண்டு இட்லியும் சட்னியும் அதில் கால்வாசிகூட வராது. துறைமுகம் உங்களுக்குப் பக்கம்தானே? 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம். முட்டை ஒன்றுக்கு 6. சைவமென்றால் பருப்பு, பயறு, தயிர், பனீர் என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

முடிந்தபின் முதல் ஒன்றிரண்டு வாரம் கூன் போட்டுத்தான் நடப்பீர்கள். நிமிர்ந்தால் தையல் இழுக்கும். சாய்வு நாற்காலி இருந்தால் தூங்க அதுவே நல்லது. ஆனால் அன்றைக்கோ மறுநாளோ எழுந்து நான்கு எட்டு வைத்தே ஆக வேண்டும். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதுதான் நான் எல்லாவற்றையும் விட அதிகம் பயப்படும் சிக்கல். கெண்டைக்கால் வலித்து வீங்கினால், திடீரென்று மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். அப்புறம், உள்ளே சேரும் நீரை வெளியே எடுக்கப் பக்கத்துக்கு ஒரு டிரெயின் குழாய் இருக்கும். 24 மணி நேரத்தில் வரும் நீர் 30 மில்லிக்குக் கீழே இறங்கும்வரை அது உங்களோடுதான் இருக்கும். இறுக்க உடுப்பு சுமார் ஆறு வாரம். மே மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு புழுங்குவதைவிட மார்கழியில் தேதி வாங்குங்கள்.

வயது 25. நடந்தும் சாப்பாட்டைக் குறைத்தும் 14 மாதத்தில் 41 கிலோ குறைத்தேன், இன்னும் குறைகிறது. நெஞ்சு தொங்குகிறது, டி-ஷர்ட் போடக் கூச்சம். லேசரில் ஒரு மணி நேரத்தில் முடித்து அன்றே வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று ஒரு இடத்தில் சொல்கிறார்கள். தினமும் ஐந்தாறு சிகரெட் உண்டு, மறைக்க விரும்பவில்லை.
— லாஸ்பேட்டை

மறைக்காததற்கு நன்றி தம்பி. ஏனென்றால் உன் கடிதத்தில் முக்கியமான வரியே அதுதான். நிக்கோட்டின் தோலுக்குப் போகும் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். தையலின் ஓரம் கறுத்துச் செத்துப்போகும். ஆபரேஷனுக்கு முன்னால் நாலு வாரம், பின்னால் நாலு வாரம், ஒன்றுகூடக் கூடாது. என் நோயாளி ஒருவர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஒளிந்து பிடித்தார். ஆறாம் நாள் தையல் வாய் திறந்தது. இரண்டு மாதம் டிரெஸ்ஸிங்.

லேசர் என்று அவர்கள் சொல்வதும் பெரும்பாலும் இந்த வகைதான்: லைபோசக்‌ஷன் கொழுப்பை உறிஞ்சும், தோலை உறிஞ்சாது. பை ஏற்கெனவே காலி. இன்னும் காலி செய்தால் இன்னும்தான் தொங்கும். உனக்கு மிச்சத் தோலை வெட்டி எடுக்க வேண்டியிருக்கலாம், மார்பில் சுரப்பித் திசு இருந்தால் அதையும். எடை நின்று ஆறு மாதம் ஆகட்டும். அதற்குள் கடற்கரைச் சாலை நடையை விடாதே. செய்பவர் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது அதற்கு ஈடான பட்டம் பெற்றவரா என்று போர்டைப் பார். போர்டில் இல்லையென்றால் கூச்சப்படாமல் வாய்விட்டுக் கேள். நம் ஊர் ஜிப்மரிலேயே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. அங்கே ஓ.பி.யில் ஒரு தடவை காட்டிவிட்டு அப்புறம் விளம்பரத்தைப் படி.

கைத்தோல் தொங்குகிறது. க்ரீம் தடவினால் ஏறுமா?
— பண்ருட்டி

ஏறாது. ஆபரேஷன் உண்டு. ஆனால் அக்குளிலிருந்து முழங்கை வரை உள்பக்கத்தில் தழும்பு விழும், ஸ்லீவ்லெஸ் போட்டால் தெரியும். காது குத்திய இடமோ தடுப்பூசி போட்ட இடமோ உங்களுக்குப் புடைத்துத் தழும்பாகியிருந்தால், முதலில் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்; ஆபரேஷன் தழும்பும் அப்படிப் புடைக்கலாம். முக்கால் கை பிளவுஸ் போதும் என்றால் காசு மிச்சம்.

மெடிக்ளெய்ம் கிடைக்குமா?
— நெல்லிக்குப்பம்

அழகுக்காக என்றால் கிடையாது. பாலிசிகளில் பொதுவாக இருக்கும் விலக்கு வாசகத்திலேயே ஒரு ஜன்னலும் உண்டு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு, அல்லது உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கத் தேவையான சிகிச்சை என்று டாக்டர் சான்று கொடுத்தால், விலக்கு பொருந்தாது. திரும்பத் திரும்ப வரும் புண், அதற்கு வாங்கிய சீட்டுகள், தேதியோடு படங்கள் இருந்தால் வாதாட ஒரு பிடி இருக்கும். திருப்பாதிரிப்புலியூர் வாசகியைப் படம் எடுக்கச் சொன்னது இதற்குத்தான். ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். கையும் தொடையும் சேர்த்துக் கேட்டால் மொத்தத்தையும் ‘காஸ்மெடிக்’ என்று ஒதுக்க வழி கொடுத்ததாகிவிடும்.

எனக்கு டம்மி டக் முடிந்து மூன்று மாதம். தொப்புளுக்குக் கீழே தொட்டால் தெரியவில்லை. என் அக்கா தினமும் வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.
— அரியாங்குப்பம்

வேண்டவே வேண்டாம், அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தோலைத் தூக்கும்போது மெல்லிய நரம்புகள் அறுபடும், அதனால்தான் மரப்பு. பல மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சி திரும்பும். நடுவில் ஒரு துண்டு இடம் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. ஒருவர் இப்படித்தான் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு சீரியல் பார்த்திருக்கிறார். பையை எடுத்தபோது உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். தழும்பின் மேல் சிலிகான் ஜெல் தடவி, விரலால் மெதுவாக நீவிவிடச் சொல்லுங்கள். அக்காவின் கைக்கும் ஒரு வேலை வேண்டுமே.