ரெண்டாவது சைக்கிளுக்கு 45,000 ரூபாய்: எந்த ரோடு பைக்கை வாங்குவது?

கேள்வி: வயது 41, உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 74 கிலோ. வீடு வேளச்சேரி. நாலு வருடமாக, முன்னால் சஸ்பென்ஷன் வைத்த ஹைபிரிட் சைக்கிள் ஓட்டுகிறேன். ஆபீசுக்கும் கடைகண்ணிக்கும் அது போதும். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் கிளம்பினால் முட்டுக்காடு தாண்டியதும் பின்தங்கிவிடுகிறேன். அவர்கள் எல்லாரிடமும் ரோடு பைக், அதாவது வளைந்த ஹேண்டில் பாரும் ஒல்லி டயரும் வைத்த வேக சைக்கிள். என் பட்ஜெட் 45,000 ரூபாய். ஒரு கடையில் 21 கியர், டிஸ்க் பிரேக்கோடு ரோடு பைக் 18,000-க்குத் தருகிறார்கள். இன்னொருவர், யாரோ ஓட்டிய, கார்பன் இழையில் செய்த சைக்கிள் ஒன்றை 50,000-க்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். 18,000 ரூபாய் சைக்கிள் உங்கள் ஹைபிரிட்டை விட மெதுவாகப் போனாலும் ஆச்சரியப்பட மாட்டேன். 50,000 ரூபாய் சைக்கிள் யாருடையது என்பதே உங்களுக்குத் தெரியாது. உங்கள் தேவைக்கு அலுமினியம் பிரேம், பின்னால் 8 பல்சக்கரம், பிரேக் லிவரிலேயே கியர் மாற்றும் வசதி, உங்கள் அளவு, இந்த நாலும் போதும். இதைப் புதிதாக வாங்க உங்கள் தொகையை ஒட்டித்தான் ஆகும். கொஞ்சம் மேலே போனாலும் போகலாம். நேரடியாக ஓட்டியவரிடமே வாங்கினால் கீழேயே முடியும்.

நீங்கள் பின்தங்குவதற்குக் காரணம் உங்கள் கால் இல்லை. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் மிதிக்கிற பலத்தில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடுகிறது. ஹைபிரிட்டில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து அந்தக் காற்றை முழுசாக வாங்கிக்கொள்கிறீர்கள். முட்டுக்காடு பாலத்தில் மரமோ கட்டடமோ மறைக்காது என்பதால் அங்கேதான் கணக்கு தெரிகிறது. போதாததற்கு முன் சஸ்பென்ஷன் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் அமுங்கி எழுகிறது. வளைந்த ஹேண்டில் பார் உங்களைக் குனிய வைக்கும். ரோடு பைக்கில் கிடைக்கும் லாபத்தில் பாதிக்கு மேல் அதுதான். எடை குறைவு என்பதெல்லாம் மேட்டில்தான் பேசும். ஈ.சி.ஆரில் மேடு எங்கே இருக்கிறது?

இப்போது அந்த 18,000 ரூபாய் சமாசாரம். முன்னால் மூன்று, பின்னால் ஏழு, பெருக்கினால் 21. இதில் பாதி கியர் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமம். எண்ணிக்கையைக் காட்டி விற்பது நம் ஊரில் தீராத வியாதி. அந்த சைக்கிளைக் கடையில் கையில் தூக்கிப் பாருங்கள். இரும்பு பிரேம், 15 கிலோவுக்குக் குறையாது. அப்புறம் கியர் லிவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஹேண்டில் பாரின் நடுத்தண்டுக்குப் பக்கத்தில், பிரேக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கும். அக்கரை சிக்னலில் ஆட்டோ குறுக்கே வரும் நேரத்தில் வலது கை கியர் மாற்றப் போயிருந்தால் பிரேக் பிடிக்க இடது கை மட்டும்தான். டிஸ்க் பிரேக் என்று பெயர் இருக்கிறதே என்பீர்கள். அந்த விலையில் வரும் டிஸ்க், கேபிள் இழுக்கிற சாதாரண ரகம். பேட் ஒரு பக்கம் உரசிக்கொண்டே இருக்கும், மாதம் ஒரு தடவை சரி செய்யக் கடைக்காரரிடம் நிற்பீர்கள். உங்கள் ஓட்டத்துக்கு, சக்கர வளையத்தைக் கட்டை பிடிக்கும் நல்ல ரிம் பிரேக்கே தாராளம். மலைச்சாலையில் இறங்குகிறவர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

பின்சக்கரத்தில் ஒரு விஷயம். மலிவான 7 கியர் சைக்கிள்களில் சக்கரத்தின் நடுக் குடமான ஹப்பின் மேல் திருகி ஏற்றும் பல்சக்கரக் கொத்து, அதாவது ஃப்ரீவீல், இருக்கும். அதில் பேரிங் உள்ளடங்கி இருப்பதால் அச்சின் ஒரு பக்கம் தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். பள்ளத்தில் விழுந்து விழுந்து அச்சு வளையும். 8 கியரும் அதற்கு மேலும் உள்ள நல்ல சைக்கிள்களில் ஹப்பின் மேல் செருகும் கொத்தான கேசட் இருக்கும், அதில் பேரிங் அச்சின் ஓரத்திலேயே தாங்கும். கடைக்காரரிடம் "இது ஃப்ரீவீலா, கேசட்டா?" என்று கேளுங்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று பதில் வந்தால் அந்தக் கடையில் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

கியர் செய்யும் ஷிமானோ கம்பெனியின் ரோடு பைக் வரிசையைக் கீழிருந்து சொன்னால் டூர்னி, கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105. டூர்னியில் ஒரு பக்கம் மாற்றுவதற்கு லிவரின் உட்பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தும் பொத்தான் இருக்கும். ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடித்திருக்கும்போது அது எட்டாது. கிளாரிஸ், அல்லது அதற்குச் சமமான மைக்ரோஷிஃப்ட் கம்பெனி கியர், உங்களுக்குச் சரி. அதற்கு மேலே கொடுக்கும் பணம் சொகுசுக்கு. மாமல்லபுரம் சீக்கிரம் வந்துவிடாது.

கியரை விட அளவு முக்கியம். உங்கள் உயரத்துக்குப் பெரும்பாலான கம்பெனிகளில் எஸ் சைஸ், எண்ணில் சொன்னால் சுமார் 50 முதல் 52. கடையில் அது இருக்காது. எம், அதாவது 54 நிற்கும். "சீட்டை இறக்கிக் கொடுத்துடறேன் சார், பக்காவா இருக்கும்" என்பார்கள். சீட்டை இறக்கலாம், ஹேண்டில் பாரைப் பக்கத்தில் கொண்டுவர முடியாது. ஸ்டெம் என்கிற ஹேண்டில் தண்டை மாற்றினால் ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் கிடைக்கும், அவ்வளவே. ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை மரக்கும், கழுத்து பிடிக்கும். ரோடு பைக்கே ஒத்துவரவில்லை என்று ஆறு மாதத்தில் விற்க வருவீர்கள். அதை வாங்கிக்கொள்ளவும் அதே கடையில் ஆள் இருப்பார். எஸ் வர மூன்று வாரம் ஆகும் என்றால் மூன்று வாரம் காத்திருங்கள். உட்கார்ந்து பார்க்கும்போது கை பிரேக் லிவரின் மேல் இருக்க முழங்கை லேசாக மடங்க வேண்டும். விறைப்பாக நீண்டால் அது உங்கள் சைக்கிள் இல்லை.

அடுத்து, "முடித்துத் தருகிறேன்" என்பவர். சைக்கிள் விற்பனையில் இப்போது இவர்கள் பெருகிவிட்டார்கள். சைக்கிள் அவர் கையில் இருக்காது. படம் மட்டும் வாட்ஸ்அப்பில் வரும். விற்பவரிடமும் வாங்குபவரிடமும் தனித்தனியாக ஒரு விலை சொல்லி நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வார். அது கூடப் பரவாயில்லை. கார்பன் பிரேம் ஒரு தடவை நன்றாக விழுந்திருந்தால் விரிசல் உள்ளே இருக்கும், மேலே பெயின்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாது. நாணயத்தால் தட்டிச் சத்தம் கேட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். பழகிய காதுக்கே அது ஏமாற்றும். அலுமினியம் வளையும், நசுங்கும், பார்த்தால் தெரியும். முன் ஃபோர்க் கார்பனாக இருந்து சட்டென்று முறிந்தால் முகம்தான் முதலில் ரோட்டைத் தொடும்.

திருட்டு சைக்கிளாக இருந்தால்? முன்பெல்லாம் சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்டினோம். அது போய் எத்தனையோ வருடம் ஆகிறது. அதற்குப் பதிலாக இன்று வரை எதுவும் வரவில்லை. ஸ்கூட்டருக்கு ஆர்.சி. இருக்கிறது, லட்ச ரூபாய் சைக்கிளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. காணவில்லை என்று புகார் கொடுக்கப் போனால் "சைக்கிள்தானே" என்ற பார்வையோடு திரும்ப வேண்டியிருக்கிறது. வரி போடும்போது மட்டும் அது "சைக்கிள்தானே" இல்லை: இறக்குமதி சைக்கிளுக்கான சுங்கத்தை 2023 பட்ஜெட்டில் 30-லிருந்து 35 விழுக்காடாக ஏற்றினார்கள். நல்ல சைக்கிள் எட்டாத விலையில் இருந்தால் தரகர் முளைக்காமல் என்ன செய்வார்?

பழையது வாங்கவே கூடாதா என்றால், ஒரு வழி இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலோ அவர்களுக்குத் தெரிந்த கிளப்பிலோ, மேல் ரகம் வாங்கிவிட்டு அலுமினியம் சைக்கிளை விற்கிறவர் யாராவது இருப்பார். அவரே ஓட்டியிருக்க வேண்டும், அவர் பெயரில் பில் இருக்க வேண்டும். பெடல் அச்சுக்கு அடியில் சைக்கிளைக் கவிழ்த்தால் பிரேம் நம்பர் தெரியும். அது பில்லில் இருந்தால் ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் அவர் கையால் எழுதிக் கையெழுத்து போட்ட சீட்டில் அந்த நம்பரை வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன் சீட் தண்டின் பிடியைத் தளர்த்தித் தண்டைச் சுற்றிப் பாருங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. நம் கடற்கரைக் காற்றிலும் வியர்வையிலும் தண்டு பிரேமுக்குள்ளேயே உப்புப் பூத்து இறுகிவிடும். இறுகியிருந்தால் சீட் உயரம் இனி அவருடைய உயரம்தான். கழற்றப் போனால் பிரேம் போகும். வீட்டுக்குள் டிரெயினர் என்ற ஸ்டாண்டில் மாட்டி நின்ற இடத்திலேயே மிதித்த சைக்கிளென்றால் இன்னும் கவனம்: வியர்வை நேராக ஹேண்டில் தண்டு போல்ட்டுகளில் சொட்டியிருக்கும். ஹேண்டில் டேப்பை ஒரு முனையில் பிரித்து உள்ளே வெள்ளைப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள். கோபித்துக்கொண்டால் டேப்புக்குக் காசு கொடுத்துவிடுங்கள், பெரிய தொகை இல்லை.

செயினுக்கு ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல் போதும். ஒரு ஆணியின் நடுவில் வைத்தால் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு ஆணியின் நடு வர வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தாண்டியிருந்தால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் கேசட்டும் சேர்ந்து போயிருக்கும், அந்தக் காசை விலையில் கழியுங்கள். பிரேக் கட்டை உரசும் ரிம் பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். குழி விழுந்திருந்தால் ரிம் கதை முடிந்தது. சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பாருங்கள். சின்னக் கோட்டம் எடுத்துவிடலாம். வெல்டிங் மடிப்புகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். தலைமயிர் போல் கோடு தெரிந்தால் விலை பேசாமல் வந்துவிடுங்கள். இத்தனைக்கும் அரை மணி நேரம் ஆகாது. இதற்குச் சம்மதிக்காதவர் நண்பராகவே இருந்தாலும் அவரிடம் வாங்காதீர்கள்.

புதிது வாங்கினால் பில்லைப் படியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 விழுக்காடு. அந்தக் குறைப்பையே "உங்களுக்காக ஸ்பெஷல் டிஸ்கவுண்ட்" என்று சொல்லப் பார்த்தால், அதற்கு மேலே எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். பில்லில் பிரேம் நம்பரை எழுதச் சொல்லுங்கள். சலித்துக்கொள்வார்கள், எழுதுவார்கள்.

45,000 முழுவதையும் சைக்கிளில் போடாதீர்கள். 5,000 தனியாக இருக்கட்டும். டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள், பிரேமில் இடம் இருந்தால் 32 கூட நல்லது. வால்வு பிரெஸ்டா என்ற ஒல்லி ரகமாக இருக்கும். பெட்ரோல் பங்கில் காற்று ஏறாது. பித்தளை அடாப்டர் சின்னதாகக் கிடைக்கும், ஒன்றை வாங்கி சீட்டுப் பையில் போடுங்கள். வீட்டில் மீட்டர் வைத்த நின்று அடிக்கும் பம்பு கட்டாயம். கடையில் 120 பி.எஸ்.ஐ. அடித்துத் தருவார்கள், கல்லாக இருக்கும். உங்கள் எடைக்கு 28 டயரில் 80-ஐ ஒட்டி வையுங்கள், கை நடுக்கம் குறையும். மீதியில் ஸ்பேர் டியூப் இரண்டு, டயர் லிவர், முன் பின் லைட். பெடல் சைக்கிளோடு வருகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். சில மாடல்களில் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

ஹைபிரிட்டை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கச் சொல்வார்கள். கொடுக்காதீர்கள், இரும்புக்கடை விலைதான் போடுவார்கள். ரோடு பைக்கில் கேரியர், மட்கார்டு, ஸ்டாண்ட் எதுவும் இருக்காது. மழை நாளில் ஆபீசுக்கும், காய்கறி மூட்டைக்கும் பழையதுதான் கை கொடுக்கும். அதன் சஸ்பென்ஷனுக்கு லாக் இருந்தால் போட்டுவிட்டு, அதற்கு முள் இல்லாத வழுவழு டயர் மட்டும் மாற்றிவிடுங்கள். எஸ் சைஸ் வரும் வரை இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமையை அதிலேயே ஓட்டலாம்.