சிறு பாய்மரப் படகுக்கு வளைந்த பாய்க்கழியை வீட்டில் செய்ய, கட்டையை ஆவியில் வளைக்கலாமா, பட்டைகளாக ஒட்டலாமா?

ஒட்டுங்கள். சூளையில் உலர்த்திய மரம் ஆவிக்கு எளிதில் வளையாது, விரிசல் விடும். கணு இல்லாத டக்ளஸ் ஃபிர் (ஊசியிலை மரம்) கிடைத்தால் நல்லது. தேக்கு கனம், எண்ணெய்ப்பசை வேறு, ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும். மரவாடியிலேயே 5, 6 மி.மீ. ரீப்பராக அறுத்து வாங்குங்கள். பட்டை மெல்லியதாக இருந்தால் கிளாம்பைக் கழற்றியதும் திரும்பி நிமிர்வது குறையும். ஆனாலும் பட்டைகளை வளைத்துப் பிடிக்கும் அச்சைத் தேவைக்கு மேல் கொஞ்சம் வளைத்தே செய்யுங்கள். அச்சின் மேல் பாலிதீன் விரிக்காவிட்டால் அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

சென்னையில் உண்மையான தலைவலி, பட்டைகளை ஒட்டும் எபாக்சிதான், இரண்டு பாகங்களைக் கலந்தால் இறுகும் பசை. மே மாத வெயிலில் டப்பாவில் மொத்தமாகக் கலந்தால் புகைந்து கட்டியாகிவிடும். கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் பரப்பி, விடியற்காலையில் வேலையை முடியுங்கள். ஐப்பசி மழையில் ஒட்டினால் மேலே மெழுகு போலப் படலம் வரும். தண்ணீரால் கழுவி, உப்புத்தாள் தேய்த்த பிறகே அடுத்த பூச்சு.

கிளாம்பை மூச்சு முட்ட இறுக்காதீர்கள், பசை முழுக்கப் பிதுங்கி இணைப்பு வறண்டுவிடும். ஓரமெங்கும் மெல்லிய கோடாகப் பசை எட்டிப் பார்த்தால் போதும். நீளம் போதாவிட்டால் முனைகளை 1:8 சரிவில் (கனம் 1 என்றால் சரிவின் நீளம் 8) சீவி ஒட்டலாம். எபாக்சி வெயில் தாங்காது, மேலே புறஊதா தடுக்கும் வார்னிஷ் கட்டாயம்.