மறுசுத்திகரிப்பு ஆயில் புது ஆயிலுக்கு ஈடாகுமா?

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றும் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். 'ரீசைக்கிள் பண்ணின ஆயில், புதுசு மாதிரியே இருக்கும்' என்று பேரலிலிருந்து பாதி விலைக்குத் தருகிறார்கள். நம்பி ஊற்றலாமா?

பதில்: முறையாக மறுசுத்திகரிப்பு செய்த ஆயில் புது ஆயிலுக்கு ஈடுதான். ஆனால் உங்களுக்குப் பேரலிலிருந்து பிடித்துக் கொடுப்பது அதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தருமபுரியில் ஆயில், ஃபில்டர், ஸ்பேர்ஸ் விற்கிற கடைக்காரன் நான். டின் விற்றால்தான் எனக்குக் காசு, அதையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

என்ஜினில் ஓடின ஆயிலில் அடிப்படை எண்ணெயின், அதாவது எதுவும் கலக்குமுன் இருக்கும் வெறும் எண்ணெயின், பெரும்பகுதி அப்படியேதான் இருக்கும். கரி, டீசல், தண்ணீர், உலோகத் தூள் எல்லாம் அதில் வந்து சேர்கின்றன. அழுக்கைத் தங்கவிடாமல் மிதக்க வைக்கவும், அமிலத்தை அடக்கவும், தேய்மானத்தைத் தடுக்கவும் கலந்திருக்கும் அடிட்டிவ்கள் தீர்ந்துபோகின்றன. ஆக, அழுக்கை முழுதாகப் பிரித்தெடுத்து, புதிதாக அடிட்டிவ் சேர்த்தால் மறுபடியும் ஆயில் தயார்.

அந்த 'முழுதாக' என்பதில்தான் செலவே இருக்கிறது. முதலில் சூடாக்கித் தண்ணீரையும் கலந்திருக்கும் எரிபொருளையும் ஓட்டுவார்கள். அப்புறம் வெற்றிடத்தில் காய்ச்சி வடிப்பார்கள். சாதாரண காற்றழுத்தத்தில் கொதிக்க வைத்தால் ஆயில் ஆவியாகும் முன்பே சிதைந்துவிடும், அதனால்தான் வெற்றிடம். கரியும் உலோகமும் பழைய அடிட்டிவும் அடியில் தார் போலத் தங்கிவிடும். வடித்ததை, நல்ல ஆலையாக இருந்தால், அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு வினையூக்கி வழியாகச் செலுத்துவார்கள். கந்தகம், நைட்ரஜன், நாற்றம், நிறம் எல்லாம் அதில் போகும். கச்சா எண்ணெயிலிருந்து அடிப்படை எண்ணெய் எடுக்கும்போதும் இதே காய்ச்சி வடிப்பும் ஹைட்ரஜன் வேலையும்தான் நடக்கின்றன.

அதனால்தான் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏ.பி.ஐ., ஆயிலுக்குத் தர முத்திரை கொடுக்கும்போது மறுசுத்திகரிப்பு எண்ணெய்க்கென்று தனிச் சலுகையும் இல்லை, தனித் தடையும் இல்லை. அதே சோதனைகளில் தேறினால் அதே முத்திரை. அமெரிக்காவில் 1993-இல் அதிபர் கிளிண்டன் போட்ட உத்தரவு ஒன்று, அரசு வண்டிகளுக்கு மறுசுத்திகரிப்பு ஆயிலையும் ரீட்ரெட் டயரையும் வாங்கச் சொன்னது. நம்மூர் லாரிக்காரர்களுக்கு ரீட்ரெட் டயர் மேல் இருக்கிற நம்பிக்கை ஏனோ இந்த ஆயில் மேல் இன்னும் வரவில்லை.

வராததற்குக் காரணமும் உண்டு. இங்கே ரீசைக்கிள் என்று சொல்லி விற்கிற லூஸ் ஆயிலில் பெரும்பாலானது, ஒர்க்‌ஷாப்பில் வடித்த வேஸ்ட் ஆயிலைத் தங்கவைத்து, வடிகட்டி, களிமண் போட்டு நிறம் வெளுத்ததுதான். முன்பெல்லாம் கந்தக அமிலம் ஊற்றியும் சுத்தம் செய்வார்கள். அதில் மிஞ்சும் அமிலக் கசடு மண்ணையும் கிணற்றையும் நாசம் செய்கிற சரக்கு. பளபளவென்று தேன் நிறத்தில் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். நிறத்துக்கும் அடிட்டிவுக்கும் சம்பந்தமே இல்லை.

இப்படி லூஸ் ஆயிலிலேயே ஓடின ஒரு பிக்கப், ஐடிலில் ஆயில் லைட் மினுக்குகிறது என்று பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. வால்வு கவரைக் கழற்றினால் உள்ளே கேழ்வரகுக் களி மாதிரி கருப்பாக அப்பிக் கிடக்கிறது. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் வழித்து வழித்துப் பழைய பேப்பரில் தட்டினார். என்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பை இறக்கிப் பார்த்தால், பம்ப்புக்கு ஆயில் உறிஞ்சுகிற வலையில் பாதிக்கு மேல் அடைப்பு. லோடோடு தொப்பூர் கணவாய் ஏறும்போது அந்த வலை முழுதாக அடைத்திருந்தால் பேரிங்கும் கிராங்கும் சேர்ந்து போயிருக்கும். அந்தச் செலவுக்கு எத்தனை டின் ஆயில் வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால், தண்ணீர் கலந்திருந்தால் படபடவென்று வெடிக்கும். அது தண்ணீருக்கு மட்டும்தான் சாட்சி. அடிட்டிவ் இருக்கிறதா என்பது ஆய்வகத்தில்தான் தெரியும். எனவே டின்னைப் பாருங்கள்: சீல் உடையாத டின், ஏ.பி.ஐ. தரம், 15டபிள்யூ-40 மாதிரி தடிமன் எண், தயாரித்த கம்பெனி முகவரி, பேட்ச் எண். இவை உங்கள் வண்டிப் புத்தகத்தில் கேட்கும் தரத்தோடு பொருந்தி, பில்லும் கிடைத்தால், உள்ளே இருப்பது மறுசுத்திகரிப்பு எண்ணெயாக இருந்தாலும் தயங்காமல் ஊற்றுங்கள். மாற்றும் கிலோமீட்டரும் அதேதான்.

இனி அப்படிப்பட்ட டின்கள் கூடத்தான் செய்யும். 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரிக்கிற கம்பெனிகளே குறிப்பிட்ட பங்கு பழைய ஆயில் மறுசுழற்சி ஆவதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது.

உங்கள் வண்டியில் வடிக்கிற ஆயிலைச் சென்ட்ரிங் பலகைக்கோ, கரையான் வராமல் கம்பத்துக்கோ கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள். மாசு கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ள மறுசுழற்சி ஆட்களுக்குப் போடுகிற ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றி, அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.