வேகமான இளம் விங்கரை இந்திய அணிக்கு எடுக்கலாமா? அவருக்கு ஓட இடம் கிடைக்காத ஆட்டத்தைப் பாருங்கள்

கேள்வி இது: ஐஎஸ்எல் என்ற இந்தியக் கால்பந்து லீக்கில் தன் முதல் முழு சீசனை ஆடும் 19 வயது விங்கர் (கோட்டோரமாக ஏறித் தாக்குபவர்) ஒருவர், ஓட ஆரம்பித்தால் யாராலும் பிடிக்க முடியவில்லை. அவரை இப்போதே இந்திய அணியில் சேர்க்கலாமா? எதை வைத்து முடிவு செய்வது?

வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த வேகத்துக்குப் பயந்து எதிரணி பேக் (அவரைத் தடுக்கும் ஆட்டக்காரர்) நாலடி பின்வாங்கி நின்ற பிறகு அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். என் பதில் இவ்வளவுதான். இதில் நான் ஏன் இத்தனை பிடிவாதமாக இருக்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காரைக்குடிப் பக்கம் மாலை வேளைகளில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். எந்த செட்டிலும் காற்று மாதிரி ஓடுகிற பையன் ஒருவன் இருப்பான். அவன் மாமாவும் தெருக்காரர்களும் கோட்டோரம் நின்றுகொண்டு "இவன் இந்தியாவுக்கே ஆடுவான்" என்பார்கள். அவர்கள் ஆசையில் தப்பே இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து மைதானங்கள் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியே காட்டும். பெரும்பாலும் செம்மண் பொட்டல். கோடையில் கண்மாய் வற்றினால் அதன் உள்வாயிலும் ஆடுவார்கள். அந்தக் கெட்டித் தரையில் பந்தைத் தள்ளிவிட்டால் உருண்டுகொண்டே போகும், ஓடத் தெரிந்தவனுக்கே கிடைக்கும். அதோடு நம் ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் எழுவர் போட்டிகள் பலவற்றில் ஆஃப்சைடே (பாஸ் கிளம்பும் முன் தடுப்பாளர்களைத் தாண்டி நிற்கும் தப்பு) பார்ப்பதில்லை. எப்போது கிளம்ப வேண்டும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஒரு பையன் பதினேழு பதினெட்டு வயது வரை வளர்ந்துவிடலாம்.

போன கோடையில் ஒரு லெவன்ஸ் ஆட்டம். எங்கள் இடது விங்கர் புதுவயல் பக்கத்துப் பையன். முதல் கால் மணி நேரத்தில் இரண்டு முறை எதிரணி ரைட் பேக்கைத் தாண்டிப் போனான், அதில் ஒன்று கோல். அந்த ரைட் பேக் வயதில் மூத்தவர், பல வருடம் ஆடிப் பழகியவர். அதோடு உஷாராகிவிட்டார். ஒட்டி நிற்பதை விட்டு பெனால்டி பாக்ஸ் ஓரமாக இறங்கி நின்றுகொண்டார். பந்து பையன் காலுக்கு வந்தாலும் பாயவே இல்லை. கைகளை விரித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, வெளிப்பக்க வழியை மட்டும் அடைத்தார். மிட்ஃபீல்டர் ஒருவரும் துணைக்கு வந்தார். அப்புறம் எங்கள் பையன் பந்தை முன்னால் தள்ளினான், கோல் கிக். மறுபடி தள்ளினான், காலில் பட்டு த்ரோ. இடைவேளையில் வந்து, "அண்ணே, பந்தே வர மாட்டேங்குது" என்றான்.

"பந்து வருது தம்பி. வந்த பந்தோட நின்னு பாத்தியா?" என்று கேட்டேன்.

அந்த நாலடி இடம் அவனுக்கு இனாமாகக் கிடைத்தது. அதில் பந்தை நிறுத்தலாம், தலையை நிமிர்த்தலாம், உள்ளே வெட்டலாம், பின்னால் ஏறி வரும் லெஃப்ட் பேக்குக்கு வழி விடலாம். வேகமானவன் நின்றால் எதிராளிக்கு அதைவிடப் பயம் வேறில்லை. எப்போது மறுபடி கிளம்புவான் என்று தெரியாதே. சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்தவர்களுக்கு இது புரியும். அவிழ்த்துவிட்டதும் ஒரே ஓட்டமாக ஓடிப்போகும் மாட்டை யாரும் பிடிப்பதில்லை, ஆனால் சாயங்காலம் அதைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை. நின்று விளையாடிய மாட்டைத்தான் அடுத்த வருடம் வரை ஊரே பேசும்.

கால்பந்தில் பெரும்பாலான ஓட்டங்கள் இருபது மீட்டருக்குள் முடிந்துவிடும். நூறு மீட்டர் வேகத்துக்கு அங்கே வேலை குறைவு. முதல் ஐந்து மீட்டரும், ஓடி வந்த வேகத்தில் சட்டென்று நிற்பதும்தான் ஆளைத் தாண்டவைக்கும். நூறு மீட்டரை 9.58 நொடியில் ஓடிய உசேன் போல்ட் 2018-ல் ஆஸ்திரேலியாவின் சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் அணியோடு சேர்ந்து பயிற்சி எடுத்தார். ஒரு நட்பு ஆட்டத்தில் இரண்டு கோல்கூட அடித்தார். ஆனாலும் லீக்கில் ஆடும் அளவுக்கு அது போய்ச் சேரவில்லை.

இளம் வயதில் எடுப்பதைப் பற்றிப் பேசினால் தியோ வால்காட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2006 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து பயிற்சியாளர் எரிக்சன் அவரை எடுத்தபோது வயது 17. அந்த ஜனவரியில்தான் ஆர்சனலுக்கு வந்திருந்தார். பிரீமியர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. ஸ்வீடனோடு நடந்த ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே இங்கிலாந்தின் ஃபார்வர்ட் (கோலடிக்கும் முன்வரிசைக்காரர்) ஓவன் முழங்கால் போய் விழுந்தார். காலிறுதியில் இன்னொரு ஃபார்வர்ட் ரூனி சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அப்போதும் வால்காட் பெஞ்சை விட்டு எழவில்லை. அந்தத் தொடர் முழுக்க ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. இரண்டு வருடம் கழித்து, 2008 செப்டம்பரில் ஜாக்ரெப்பில் குரோஷியாவுக்கு எதிராக மூன்று கோல் அடித்த பையனும் அவர்தான். திறமை இருந்தது. எடுத்தவருக்கே ஆடவைக்கும் துணிச்சல் வராத நேரத்தில் எடுத்ததுதான் பிழை என்பேன். ஒரு ஃபார்வர்டின் இடம் வீணானது, பையனுக்கும் பயனில்லை.

அதற்காக வயதைக் காரணம் காட்டாதீர்கள். லமின் யமால் 2023 செப்டம்பரில் ஜார்ஜியாவுக்கு எதிராக ஸ்பெயினுக்கு முதல் ஆட்டம் ஆடி கோலும் அடித்தபோது 16 வயது. 2024 யூரோ அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக அவர் அடித்த கோலை மறுபடி போட்டுப் பாருங்கள். அதில் ஓட்டமே இல்லை. எதிரே ஆள் நிற்கிறார், பின்னால் இடமில்லை, பெனால்டி பாக்ஸுக்கு வெளியிலிருந்து உள்பக்கம் ஒரு சின்ன அசைவு, தூரத்துக் கம்பத்தை உரசிக்கொண்டு பந்து உள்ளே. நான் தேடச் சொல்வது அதைத்தான்.

சரி, நம் இந்திய அணிக்கு வருவோம். நம் அணி இரண்டு விதமான ஆட்டங்கள் ஆடுகிறது. ஒன்று, நம்மைவிட வலுவான அணி ஏறி வந்து ஆடும் ஆட்டம். அங்கே எதிரணியின் பின்னால் இடம் கிடக்கும், வேகத்துக்கு மரியாதை உண்டு. 2023 நவம்பரில் குவைத் போய் 1-0 என்று ஜெயித்தோமே, நம் விங்கர் சாங்தே ஓரத்திலிருந்து கொடுத்த கிராஸில் மன்வீர் சிங் அடித்த கோல் அது. 2024 ஜூனில் தோஹாவில் கத்தாரிடம் 1-2 என்று தோற்ற ஆட்டத்திலும் நம் கோல் சாங்தே அடித்தது.

இன்னொன்று, நம் ஊரில், நாம் ஜெயித்தே ஆக வேண்டிய ஆட்டம். எதிரணிக்கு டிராவே லாபம். அவசரப்பட்டு ஏறி வர மாட்டார்கள். 2024 மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 தோல்வி. ஜூனில் கொல்கத்தாவில் குவைத்துடன் 0-0. 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் வங்கதேசத்துடன் 0-0. இந்த மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து நாம் அடித்த ஒரே கோல் அப்போதைய கேப்டன் சேத்ரியின் பெனால்டி. ஓடுகிற ஆட்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. நெருக்கத்தில் ஒருவரைத் தாண்டி, தலை நிமிர்ந்து, பின்னால் வருபவருக்குப் பந்தைத் தரையோடு இழுத்துக் கொடுக்கும் விங்கர்தான் நமக்குக் குறைச்சல். எனக்கு இது உண்மையிலேயே வேதனை தரும் விஷயம். இன்னொரு ஓட்டக்காரரைச் சேர்த்தால் இந்தக் குறை தீராது.

தமிழ்நாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். சென்னையின் நந்தகுமார் சேகர் இந்திய அணிக்கு முதன்முதலாக ஆடியது 2023-ல், 27 வயதில். அதே வருடம் ஆகஸ்டில் டூராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல்தான் அந்த டெர்பியை (ஒரே ஊர்ப் போட்டி அணிகளின் மோதலை) முடித்துவைத்தது. வலது ஓரத்தில் பந்து, எதிரே ஆள். கோட்டை நோக்கி ஓடாமல் உள்ளே வெட்டி, இடது காலால் வளைத்து அடித்தார். லீக்கில் பல வருடம் தினமும் ஒரு பேக்கைச் சந்தித்துச் சந்தித்துக் கற்ற விஷயம் அது. அவரை இன்னும் முன்னாடியே எடுத்திருக்கலாம் என்பதும் என் எண்ணம்.

எங்கள் கண்டனூர்ப் பையன் சிவசக்தி நாராயணன் விங்கர் இல்லை, ஃபார்வர்ட். ஆனாலும் வேகத்தை எப்படிச் செலவழிப்பது என்பதற்கு அவரைத்தான் பையன்களுக்குக் காட்டுவேன். 2022 டூராண்ட் கோப்பை இறுதியில் மும்பை சிட்டிக்கு எதிராக பெங்களூருவின் முதல் கோலை அடித்தார். 2022-23 ஐஎஸ்எல்லில் சேத்ரியையே பெஞ்சில் வைத்துவிட்டு இவரையும் ராய் கிருஷ்ணாவையும் தொடக்கத்தில் இறக்கினார்கள்; சீசனின் சிறந்த வளரும் வீரர் விருதும் இவருக்கே. இவரைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள்: பாஸ் கொடுப்பவர் தலை நிமிரும் வரை காத்திருந்து, அப்புறம் கிளம்புவார்.

ஆஃப்சைடு கொடியும் இதனால்தான் முக்கியம். ஐந்து மீட்டரில் யாரையும் தாண்டிவிடக்கூடியவர் ஏன் முன்கூட்டியே கிளம்ப வேண்டும்? தாமதமாகக் கிளம்பினாலும் அவர்தான் முதலில் போவார். வேகமான விங்கர் ஒருவருக்கு அடிக்கடி கொடி ஏறினால், தன் வேகத்தை அவரே இன்னும் நம்பவில்லை என்று அர்த்தம்.

பந்து பறிபோனதும் திரும்பி ஓடுகிறாரா என்பதையும், தொடைத் தசை அடிக்கடி பிடிக்கிறதா என்பதையும் தனியே பாருங்கள். வேக ஓட்டக்காரர்களுக்கு வரும் காயம் அதுதான். 19 வயதில் அது ஒரே சீசனில் இரண்டு முறை வந்திருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுவது அந்தப் பையனுக்கே நல்லது.

நீங்கள் சொல்லும் 19 வயதுக்காரர் விஷயத்தில் நான் செய்வது இது: ஏற்கெனவே அவர் ஓடித் தள்ளிய அணியை இரண்டாம் முறை சந்திக்கும் ஆட்டத்தை முழுசாகப் பார்ப்பேன். ஹைலைட்ஸ் உதவாது, அதில் அவர் ஜெயித்த ஓட்டங்கள் மட்டும்தான் இருக்கும். இரண்டாம் முறை அந்த பேக் தயாராக வந்திருப்பார். அதிலும் நாலைந்து முறை பந்தை நிறுத்தி, உள்ளேயோ வெளியேயோ வழி கண்டுபிடித்து, ஒன்றிரண்டு பந்தாவது கோல் முன்னால் சரியாகப் போய்ச் சேர்ந்தால் தாராளமாக எடுங்கள். அது இல்லை, வேகம் மட்டும் இருக்கிறது என்றால் 23 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடட்டும். சீனியர் கேம்புக்கும் கூப்பிட்டு நம் பேக்குகளோடு மோதவிடலாம். ஒரு ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றலாம் என்பது 2022-லிருந்து நிரந்தர விதி. அதனால் எதிரணி ஏறி வரும் வெளியூர் ஆட்டம் என்றால் இப்போதே பெஞ்சில் ஒரு இடம் கொடுக்கலாம், கடைசி அரை மணி நேரத்தில் களைத்துப்போன பேக் மீது அவிழ்த்துவிடலாம். ஆனால் பயிற்சியாளர் அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்க நிஜமாகவே தயாராக இருந்தால் மட்டும்.